தொப்பி கழன்ற பெயர்

ஆங்கிலத்தில் பெயர்களுக்குத் தொப்பி உண்டு.
முதல் எழுத்தை உயர்த்தி எழுதுவார்கள்.
நம் எழுத்தில் அந்த வழக்கமில்லை;
ராஜாவும் ரசமும் ஒரே உயரம்.
அதனால் இந்தக் கதையில்
தொப்பி விழும் சத்தம் உங்களுக்குக் கேட்காது.
விழும்போது நான் சொல்கிறேன்.

லங்காஷயரில் ஹேஸ்கிளஃப் என்றொரு ஊர்.
ஆலைப் புகையும் மூடுபனியும்
ஆள் தெரியாமல் இடித்துக்கொள்ளும் ஊர்.
முப்பத்து நாலாம் வருஷம், நவம்பர்.
ஏழு பத்துக்குக் கிளம்பவேண்டிய பஸ்ஸுக்கு
ஏழு எட்டுக்கே மணியடித்தார் கண்டக்டர்
வில்ஃப்ரெட் என்ட்விசில்.

பின்னால் ஓடிவந்தவன் ஐசக் ஷட்டில்வர்த்.
தோளில் டிராம்போன்.
கைநீட்டினால் கம்பி.
நீட்டினான்.
கம்பி நகர்ந்தது.

ஆலையின் பித்தளை வாத்தியக் குழு
டிராம்போன் இல்லாமல் போட்டிக்குப் போய்
ஆறு குழுக்களில் ஆறாவதாக வந்தது.

மறுநாள் மதுக்கடையில் ஐசக் சொன்னது இவ்வளவுதான்:
“என்னை என்ட்விசில் பண்ணிட்டான்யா.”

சிரித்தார்கள்.
தொப்பி அங்கே லேசாகச் சாய்ந்தது.

பிறகு வாய்க்கு வாய்.
ஒரு பென்னியில் ஏலத்தைத் தவறவிட்டவர்,
கொடித்துணியை எடுக்க ஓடி
முதல் தூறலிடம் தோற்றவள்,
ரொட்டிக்கடைக் கதவு சாத்தும்போது வந்த பாதிரியார்,
எல்லாரும் என்ட்விசில் ஆனார்கள்.
போர் முடிந்த வருஷம் யாரோ ஒரு கடிதத்தில்
அதைச் சின்ன எழுத்தில் எழுதினார்கள்.

இதோ, விழுந்துவிட்டது.

நீளமான சொல் நாக்குக்குச் சுமை.
முன்னால் இருந்த ‘என்’ முதலில் உதிர்ந்தது.
நமக்கு அது ‘என்னுடைய’; அவர்களுக்கு வெறும் ஓசை.
மிஞ்சியது ட்விசில்.
கோப்பையின் அடியில் ஆறிக் கிடக்கும்
கடைசி மடக்குத் தேநீருக்கு அந்தப் பெயர்.
வினிகரில் ஊறி, காகிதப் பொட்டலத்தின் மூலையில்
பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சிப்ஸ் துணுக்குக்கும் அதே.
பள்ளி மைதானத்தில் இன்னும் தேய்ந்து ட்விஸ்:
இரண்டு அணியும் எடுத்து முடித்தபின்
நடுவில் நிற்கும் பையன்.

இப்போது,
பார்த்த அடையாளம் விழுந்தும்
பதில் வராத செய்திக்குப் பெயர் அதுதான்.
“ட்விஸ் பண்ணிட்டான்” என்கிறாள் ஒருத்தி,
அழாமல், நகப்பூச்சில் இரண்டு நிறத்தை ஒப்பிட்டபடி.

வில்ஃப்ரெட் அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் மணியடித்தார்.
ஒருநாளும் முன்னதாக இல்லை.
ஓய்வுபெற்ற அன்று தேநீர் விருந்தில்
கோப்பையின் அடியைக் காட்டி ஒருவன் கண்ணடித்தான்.
அவர் அதையும் குடித்துவிட்டு எழுந்தார்.

டெப்போவின் பழைய பதிவேட்டில் ஒரு வரி:
இரண்டு நிமிடம் முன்னதாக. அபராதம் ஒரு ஷில்லிங்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
அந்தக் கோட்டை எத்தனையோ ராத்திரி திறந்து பார்த்தேன்.
கடிகாரம் முந்தியிருக்கலாம்.
உள்ளே யாருக்கோ பிரசவ வலி இருந்திருக்கலாம்.
டிராம்போன் பிடிக்காதோ என்னவோ.

அவர் தம்பி வழியில் இப்போது
மாரியன் மட்டும் அந்தப் பெயரோடு அந்த ஊரில்.
மருந்துக்கடையில் வேலை, நெஞ்சில் பெயர் வில்லை.
இருமல் மருந்து வாங்க வந்த பையன் வாசித்துவிட்டு
“இந்தப் பட்டப்பேரு யாரு வச்சாங்க?” என்றான்.
“குடும்பப் பேரு.”
“அந்த வார்த்தையையா போய்ப் பேரா வச்சாங்க?”
அவள் பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.
எப்போதும்போல் சரியாக இருந்தது.

மாலை ஆறு நாற்பது. மழை.
குடை உள்வெளியாகப் புரண்டுபோக
நடைபாதையில் ஓடுகிறாள்.
பஸ்ஸின் கதவு மூடுகிறது.
“ஏய், ட்விஸ் பண்ணிடாதே!”

தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது
ஈரத்தோடு உட்கார்ந்து
மூன்றாவது நிறுத்தம் வந்தபின்தான் உறைத்தது.

கதவைத் திறந்துவிட்ட டிரைவரைப் பார்த்தாள்.
அவர் சட்டையில் பெயர் இல்லை.
நான்கு இலக்க எண் ஒன்று இருந்தது.