குதிரைப் பவுன்

கோஸ்டாஸ் கையுறை போடவில்லை.
வாழைப்பழம் தின்ற விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.
காசின் முகத்தில் கைபடக் கூடாதாம்.
வெளியே லிட்டில் காலின்ஸ் தெருவில் சாரல்.
எனக்கு இரண்டரைக்கு ஷிப்ட்.

முதலில் தராசு.
ஏழு புள்ளி ஒன்பது ஆறு.
"கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, என்னைப் போல."
பிறகு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு
தாடி வைத்த ராஜாவை ஒரு பார்வை,
திருப்பிப் போட்டு
குதிரைக்காரனை வெகுநேரம்.

குதிரைப் பவுன் என்போம் என்றேன்.
எங்கள் ஊரில் எட்டு கிராமுக்குப் பெயரே பவுன்தான்,
எத்தனை பவுன் என்று கேட்ட பிறகுதான்
பெண்ணின் பேரையே கேட்பார்கள் என்றேன்.
அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.
பதினோரு பவுன் பேசி முறிந்த கல்யாணம்
ஒன்று எனக்கு உண்டு.
அதைச் சொல்லவில்லை.

குளம்புக்குக் கீழே, தரைக்கோட்டில்,
எள்ளளவு ஓர் எழுத்து.
லென்ஸை என்னிடம் தந்தார்.
எம்.
"மெல்பர்ன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
இங்கிருந்து நாலைந்து தெரு தள்ளி
வில்லியம் தெருவில் அடித்தது."

கோவில்பட்டியில், பீரோவுக்குள்,
அப்பாவின் எல்ஐசி பத்திரத்துக்கு அடியில்
மஞ்சள் துணி சுற்றிக் கிடந்தது
பிறப்பால் இந்த நாட்டுப் பிரஜை.
நான்தான் புள்ளி கூட்டிக் கூட்டி
ஏழு வருஷம் வரிசையில் நின்றேன்.

"ஆனால்" என்றார் கோஸ்டாஸ்.
விளிம்பைச் சுழற்றிக் காட்டினார்.
வரிப்பல் இங்கே மழுங்கியிருக்கிறது,
இங்கே, இதோ இங்கேயும்.
எதிலோ உரசியிருக்கிறார்கள்.
எண்ணினார். ஏழு இடம்.
சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.
உருக்கினால் என்ன வருமோ அதுதான் விலை:
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டாலர்.

எதில் உரசினார்கள் என்று எனக்குத் தெரியும்.
சேட்டுக் கடையின் கறுப்புக் கல்.
உள்ளே போகும்போதெல்லாம் ஒரு கீற்று.
தீப்பெட்டி ஆபீசில் ஊரார் கணக்கை
முப்பது வருஷம் எழுதிய மனிதர்
தன் கணக்குக்கு நோட்டு வைத்துக்கொள்ளவில்லை.
ஏழு முறை போயிருக்கிறது.
ஏழு முறையும்
எப்படியோ திரும்பியிருக்கிறது.

கடை வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டேன்.
அங்கே காலை. ஜெயவேல் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
"அம்மா ஆபரேஷன் ஒண்ணு.
என் பாலிடெக்னிக் ஒண்ணு.
ஒன் இங்கிலீஷ் பரிட்சை. அது ரெண்டு,
மொதத் தடவ கோட்ட விட்டியே."
நாலு.
"மழையில செவரு விழுந்துச்சே, அஞ்சு."
ஆறாவதை யோசித்துச் சொல்கிறேன் என்றான்.
ஏழாவதற்குக் குழாயைத் திறந்தான்.
நிறைய நேரம் கொப்பளித்தான்.
"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப.
வித்துப் பாதிய அனுப்பு."

உள்ளே போய்
மதிப்பீட்டுக் கட்டணம் இருபது டாலர் கொடுத்தேன்.
"விற்கவில்லையா?"
மழை விட்டதா என்று பார்ப்பதுபோல்
தெருவைப் பார்த்தேன்.
அவர் வாழைப்பழத்தின் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

டாண்டினோங் ரயிலில் நின்றபடியே
சம்பளக் கணக்கிலிருந்து அனுப்பினேன்,
ஐந்நூற்று ஐம்பது,
கட்டணம் நாலு.
இந்த மாதம் கார் பதிவு தள்ளிப்போகும்.
பஸ்ஸும் ஓடுகிறது.
சீருடையின் உள்பையில்
குதிரைக்காரன் விலா எலும்பில் இடித்துக்கொண்டே வந்தான்,
ஈட்டி ஓங்கியபடி, நூற்றுச் சொச்சம் வருஷமாக
எதையும் குத்தி முடிக்காமல்.

பதினான்காம் அறையில் விரிப்பு மாற்றும்போது
கைபேசி அதிர்ந்தது.
வந்திருச்சு. வித்துட்டியாக்கா?

ஒரு கையில் தலையணை உறை.
இன்னொரு கையால்
ம்
என்று அடித்தேன்.

எள்ளளவு ஓர் எழுத்து.
அங்கே அவனிடம்
லென்ஸ் கிடையாது.