முட்டை

கடலூரிலிருந்து காலையில் வடக்கே போகும் பேருந்தில்
வெயில் வலதுபக்கம் ஏறும்.
மத்தியானம் தெற்கே திரும்பும்போது
மேற்கே சாய்ந்து
மறுபடி வலதுபக்கமே வரும்.
ஆகவே இரண்டு தடவையும் நான் இடதுபக்கம்.
பதினாலு வருடத்தில்
நானாகக் கண்டுபிடித்த ஒரே வைத்தியம் இது.

ஆல்பேட்டை, கன்னியக்கோயில், தவளக்குப்பம்.
கோரிமேட்டில் இறங்கிக் குடை விரித்தால்
மழையே இல்லையேம்மா என்பார் ஆட்டோக்காரர்.
இப்போதெல்லாம் அவரும் கேட்பதில்லை.

அஞ்சலாட்சி என்று மேலே எழுதிய கோப்பு
என்னைவிடப் பருமன்.
(மாத்திரையில் நான் ஊதிய காலத்தில்
இருவரும் சமமாக இருந்தோம்.)

இந்த வருடமும் ஒரு புது டாக்டர் பையன்,
மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு.
மூட்டு வீக்கம்? இல்லை.
வாய்ப்புண்? இல்லை.
முடி? எல்லாருக்கும் உதிர்கிற அளவு.
சிறுநீரில் நுரை?
இல்லை.
தினமும் விடியலில் குனிந்து பார்க்கிறேன் என்பதை
அவன் கேட்கவில்லை.

கூட்டினான். மறுபடி கூட்டினான்.
"பூஜ்யம்மா" என்றான்
தானே பாஸான மாதிரி.
"ஆறாவது வருஷமா பூஜ்யம்."

ஆறாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய முட்டையை
கெடிலக்கரை மணலில் தோண்டிப் புதைத்தேன்.
இந்த முட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
உள்ளங்கையைக் குழித்து உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப, குணமாயிடுச்சா?"
பேனா நின்றது.
"அடங்கியிருக்கு."

நல்ல சொல்தான்.
காய்ச்சல் அடங்கும். கலவரம் அடங்கும்.
அழுத பிள்ளை அடங்கும்.
அதே சொல்லில்தான் மூச்சும் அடங்கும்.

மதலேனுக்கு அப்படி அடங்கியது.
நெல்லித்தோப்புக்காரி, எனக்கு எதிர்க்கட்டில்.
என் கன்னத்துச் சிவப்பு அவள் கன்னத்திலும்.
வண்ணத்துப்பூச்சி மாதிரி என்றார் பெரிய டாக்டர்.
பூச்சிதான், வண்ணம் வேறயா என்றாள் அவள்.
ஒரே உப்பில்லாக் கஞ்சி,
ஒரே வாரத்தில் தொடங்கிய ஊசி.
அவள் சிறுநீரகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை,
என்னுடையது கேட்டது.
ஏன் என்றால்
சதவிகிதத்தில் பதில் சொல்கிறார்கள்.
நூறு பேரில் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்னும்போது
அந்த நூறில் அவளும் இருக்கிறாள்.
அவளைக் கழித்தால்
என் கணக்கும் தப்பாகிவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் டிக்கெட் கவுண்டரில்
மார்கழிக் காலையில் என் விரல்கள் வெளுத்து
பிறகு நீலமாகும்.
கக்கத்தில் வைத்துச் சூடேற்றித்தான்
மீதிச் சில்லறை எண்ணுவேன்.
வரிசையில் நிற்பவர் உச்சுக்கொட்டுவார்.
கேள்வித்தாளில் அதற்கு மார்க் இல்லை.

கலியமூர்த்தியும் நானும் ஒரு ராத்திரி
பிள்ளை வேண்டாமென்று பேசி முடித்ததற்கும்,
அதற்கப்புறம் பேசாமலே இருப்பதற்கும்
கட்டம் போடவில்லை.

அயர்ச்சிக்கு மட்டும் ஒரு கோடு உண்டு,
ஒன்று முதல் பத்து வரை.
நான் எப்போதும் மூன்றில் புள்ளி வைப்பேன்.
நாலென்றால் இன்னொரு குழாய் ரத்தம் எடுப்பார்கள்.

"இந்தச் சின்ன மாத்திரையை நிறுத்திடலாம்.
மத்தது தொடரட்டும், கண்ணைக் காட்டிட்டு வாங்க.
குடையை விட்றாதீங்க."
பாதி நகம்கூட இல்லாத வெள்ளை.
பதினாலு வருடம்
இட்லிக்கு அடுத்தது அதுதான்.

திரும்பும் பேருந்தில் இடதுபக்கம் இடமில்லை.
வலதுபக்கம் மூன்று சீட்டு
வெயிலோடு காலியாக இருந்தன.
அரியாங்குப்பம்வரை நின்றே வந்தேன்.
பிறகு ஒரு கிழவர் இறங்க, இடதில் உட்கார்ந்தேன்.

கிருமாம்பாக்கம் தாண்டி
எதிர்ப்பக்கத்துக்காரி மடியிலிருந்த எவர்சில்வர் தூக்கில்
வெயில் பட்டுத் தெறித்து
என் மணிக்கட்டில் விழுந்தது,
ஒரு ரூபாய் அகலம்.

கையை இழுக்கவில்லை.

பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது
அது தானாக நகர்ந்து
பக்கத்து ஆள் சட்டைப்பைக்குப் போனது.