இருபது தெத்ரி

திபிலிசியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இருபது தெத்ரி.
மூன்றாம் மாடிக்கும் அதேதான், எங்கள் பதினொன்றுக்கும் அதேதான்.
அந்தக் காசை ஏழு வருஷம் எண்ணியவள் நான்.

ஜும்பெரின் கம்பெனியில் நாங்கள் நான்கு பேர்.
ஐந்தாவது ஆள் என்று அவன் சொல்வது வேனை.
சனிக்கிழமை பெட்டிகளைத் திறந்து மேஜையில் கொட்டுவோம்.
காசோடு சட்டைப் பொத்தான், சூரியகாந்தி விதைத் தோல்,
ஒருமுறை ஒரு பல்
(யாரும் தேடி வரவில்லை).
கணக்கு நான், தொலைபேசி நான்,
வராத மெக்கானிக்குக்காக மன்னிப்புக் கேட்பவளும் நான்.
விடுப்புக்கு விண்ணப்பம் கிடையாது.
ஜும்பெரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.
அதற்கு வேலைக்கே வந்துவிடலாம்.

ஒரு வருஷம் மார்ச் சம்பளம் மே மாதம் வந்தது,
பாதி நோட்டு, பாதி சில்லறை.
ரொட்டிக் கடை மக்வாலா எண்ணி முடிக்கும்வரை
எனக்குப் பின்னால் தெருமுனைவரை வரிசை.
"நாம் குடும்பம் மாதிரி" என்பான்.
குடும்பம் மாதிரியேதான்.
கொடுக்க வேண்டியதை யாரும் வாய்விட்டுக் கேட்க முடியாது.

இப்போது இருப்பது பெரிய இடம்.
இந்த லிஃப்ட் காசு கேட்பதில்லை, அட்டை கேட்கிறது.
இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதுக்குக்
கைபேசி ஒருமுறை நடுங்கும், சம்பளம்.
மகனின் காது அறுவைக்குக் காப்பீடு பணம் கட்டியது.
நன்றி சொல்ல ஆளைத் தேடினேன்,
ஓர் எண் கிடைத்தது.
அட்டையில் என் பெயர் நானுரி.
நான் நானுலி.
ஓர் எழுத்தைத் திருத்த மூன்று துறைகள் ஒப்ப வேண்டுமாம்,
விட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் யாராவது நானுரி என்றால்
திரும்பிப் பார்க்கிறேன்.
"அம்மா, அங்கே நீ என்ன செய்கிறாய்?"
நான்காவது நிரலைச் சரிபார்க்கிறேன்.
ஐந்தாவது நிரல் வார்சாவில் யாரோ ஒருத்தியுடையது.

போன வியாழன் இரவு, மழை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது லிஃப்ட்.
சுவரில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தேன்.
என் கையெழுத்தில் இருந்தது அது.
"நானுலி பேசுகிறேன்."
எந்த நானுலி என்று அவன் கேட்கவில்லை.
"கதவைத் தொடாதே" என்றான்.

நாற்பது நிமிடம் கழித்து உச்சியிலிருந்து
சக்கரத்தைக் கையால் சுற்றும் சத்தம், நடுநடுவே இருமல்.
அந்தக் குழிக்குள் அவன் குரல் இறங்கி வந்தது:
"அங்கே சம்பளம் தேதிக்கு வருகிறதா?"
"வருகிறது."
கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.
பிறகு மறுபடி சக்கரம்.

ஆறாம் மாடியில் கதவைப் பிளந்து கை கொடுத்தான்.
திரும்பி வா என்று கூப்பிடுவான்,
என்ன சொல்லி மறுப்பது என்று
இருட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.
"வாஜாவுக்கு உங்கள் இடத்தில் ஏதாவது கிடைக்குமா?
இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது."
வாஜா, அவனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே மெக்கானிக்.
"படிவம் இணையத்தில் இருக்கிறது" என்றேன்.
சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவன் சட்டைப்பையைத் துழாவி
இருபது தெத்ரியை என் உள்ளங்கையில் வைத்தான்.
"ஏறாத மாடிக்கு வாங்குவதில்லை."
கிரீஸ் பட்ட காசு.
கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினான்.

வாஜாவின் படிவத்தை அன்றிரவே நான் நிரப்பினேன்.
பரிந்துரைப்பவர் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினால் ஏற்கவில்லை.
இரண்டுமுறை முயன்றேன்.
பிறகு நானுரி என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.