மூன்று மிதி

பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி
உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்:
இரண்டு டிஸ்க், இரண்டு கலிப்பர்,
எந்த ஜீப் செத்து வந்ததோ.

கந்தப்பளையில் மழை.
முன்சில்லுக்கடியில் படுத்து
ஜெபநேசன் டிரம்மைக் கழற்றினான்.
கரிய தூள், செம்மண்,
காகிதமாய்த் தேய்ந்த லைனிங்,
எப்படியோ ஒரு தேயிலைக் காம்பு.
"இத நம்பியா எறங்குன?"
இதையும்
மூன்று மிதியையும்.

"மிதி. பிடி. விடு."
குழாயில் குமிழி தீருமுன்
இருட்டிவிட்டது.

விடிய, லீக்ஸ் மூட்டைகளோடு இறக்கம்.
மாடசாமி கோயில் வளைவில் எதிரே பஸ்.
ஒரே மிதி;
லேண்ட் ரோவர் நின்றுவிட்டது.
மூட்டைகள் நிற்கவில்லை.

பிடரியில் லீக்ஸ் தாளோடு
உட்கார்ந்திருக்கிறேன்.
பஸ் போய்விட்டது.
நின்ற வண்டியில்
இரண்டு, மூன்று என்று
கால் இன்னும்
மிதித்துக்கொண்டிருக்கிறது.