கடைமடை

விடியக்காலை ஐந்தரைக்கே கறந்துவிட்டேன்.
ஈயக் கூட்டுக்குள் நிற்கும் இந்த மாட்டுக்கு
வாரம் ஒன்றுதான் கறவை.
திங்களன்று சொம்பு நிறையும்,
இன்றைக்கு வெள்ளி,
அடியில் கொஞ்சம்.
டெக்னீசியம் என்று பேர்.
நிறமில்லை, மணமில்லை,
ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

அடுத்த அறையில் சி.டி. இருக்கிறது.
சாயம் ஏற்றினால் சில நொடியில்
ரத்தக்கட்டி எந்தக் கிளையில் என்று காட்டிவிடும்.
அர்த்தநாரிக்குக் கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஆறு.
சாயம் ஆகாது என்று
என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரைவர்.
சாகரிலிருந்து அவினாசி ரோடு வரைக்கும்
சோற்றுக்கு மட்டும் இறங்கியிருக்கிறார்.
இடது கெண்டைக்கால் சுரைக்காய் மாதிரி.
"சுளுக்குன்னு நெனச்சனுங்க"
என்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது.

கரிக் கிண்ணத்தில் சுட்டெடுத்த புகையைக்
குழாய் வழியே இழுக்கச் சொன்னேன்.
"ஆயிரத்தி இருநூறடி ஓட்டியும்
அங்கியும் பொகைதானுங்க வந்துச்சு"
என்றார்.
சிரிக்கப் போய் இருமினார்.

முதல் படம்.
இரண்டு நுரையீரலும்
ஓரம் வரைக்கும் வெளிச்சம்.
காற்று எங்கும் போயிருக்கிறது.

பிறகு ஊசி.
ரத்தம் போகிற இடமெல்லாம் போய்
நுண்குழாய் வாசலில் உட்கார்ந்துகொள்ளும் துகள்கள்.
இருபது நிமிடம் அசையாமல் கிடந்தார்.
கேமரா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டாம் படத்தில்
வலது பக்கம் கீழே ஒரு கீற்று இல்லை.
இடது பக்கம் இரண்டு.
தேங்காய்ப் பத்தை எடுத்த மாதிரி, விளிம்பில் அகலமாக.

தீட்டாத இடத்தைப் படிக்க
நான் கல்லூரியில் கற்கவில்லை.
மொடக்குறிச்சிக்குக் கிழக்கே எங்கள் காடு,
கீழ்பவானியின் கடைமடை.
அப்பன் ஒவ்வொரு மனுவோடும்
ஒரு வரைபடம் வைப்பார்:
பாய்ந்த வயலுக்குப் பச்சைப் பென்சில்.
எங்களுடையது வெறும் காகிதம்.
மடை திறந்த அன்று
வாய்க்காலில் ஈரக் காற்று முன்னால் வரும்.
சில வருஷம் அதோடு சரி.

டாக்டர் ரெஜினா பார்த்தார்.
"காத்து இருக்கு, ரத்தம் இல்ல.
ஹெப்பாரின் ஆரம்பிக்கச் சொல்லு."
அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டார்.

திரையை எட்டிப் பார்த்த அர்த்தநாரி கேட்டார்:
"எத்தன அடியிலிங்க அடைச்சிருக்குது?"
நான் அவர் முதுகில் விரல் வைத்தேன்.
இங்கே. அப்புறம் இங்கே.
"அட, இவ்வளவு மேலாலயா" என்றார்,
பாயிண்ட் தப்பிப்போன ஆள் போல.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை,
தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவை
மிதிக்காமல் நிற்கிறது.
"தூக்கலாமுங்களா?"
"சாயங்காலம் வரைக்கும் வேண்டாங்க."

இரண்டு விரலை உயர்த்தி அவளுக்கு
என்னவோ ஜாடை காட்டினார்.
எனக்குப் புரியவில்லை.
அவள் தலையாட்டி,
ஒட்டாத ஒரு முனையை
ஷூ நுனியால் அழுத்திவிட்டுக்
கொஞ்சம் பின்னால் போனாள்.