சாவி

நெஞ்சில் குத்திய அட்டையில் வருகையாளர் என்றுதான் இருக்கிறது.
மிஸிகளுக்கு நான் பாஸ்டர்.
வாசலில் நிற்கும் நேப்பாளக் காவலருக்கு அங்கிள்.
மூன்றாம் வார்டுச் சீனக் கிழவி மட்டும்
என்னைக் குழாய் ரிப்பேர்காரன் என்றே நம்புகிறாள்.
ஒழுகும் குழாயைக் காட்டிக் காட்டித் திட்டுகிறாள்.
போன சனிக்கிழமை
ஒரு வாஷர் வாங்கிப்போய் மாட்டினேன்.

சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப்
புதனும் சனியும் வருவேன்.
பைபிளோடு பையில்
மூன்று விதச் சார்ஜர் வயர்,
யாருக்கும் பொருந்தும் வாசிப்புக் கண்ணாடி ஒன்று,
சொக்சோ பாரம் நிரப்பக் கறுப்புப் பேனா.
ஜெபம் கேட்பவர் பத்தில் இரண்டு பேர்.
மற்றவர்கள்
பசியாறிட்டீங்களா என்று என்னைக் கேட்பார்கள்.

தண்ணிமலை, ஏழாம் கட்டில்.
கால் இரண்டும் வீங்கிப் பளபளக்க,
செம்பனைக் குலை வெட்டிய கை மட்டும்
இன்னும் முறுக்கிய கயிறு.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"எனக்கு முருகன் இருக்காரு.
கொஞ்ச நாளா அவரோட பேச்சு இல்ல.
அது எங்க ரெண்டு பேருக்குள்ள.
நீங்க நடுவுல வராதீங்க."
சரி என்று எழுந்தேன்.
"ஒரு வேலை இருக்கு, செய்வீங்களா?"
தலையணை உறைக்குள்ளிருந்து
ஒரு சாவியை எடுத்தார்.

மூச்சு அடைத்த இரவில்
எஸ்டேட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர்
தானே ஓட்டி வந்து,
கொட்டகையில் ஒழுங்காய் ஸ்டாண்டு போட்டு,
ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி
அவசரப் பிரிவு வாசலில் விழுந்திருக்கிறார்.
பதினோரு நாளாய் மோட்டார் அங்கேயே.
"ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க.
பேட்டரி செத்துடும்."

இறையியல் கல்லூரியில்
நோயுற்றோரைச் சந்தித்தல் என்று ஒரு பாடமே இருந்தது.
அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன்.

ஐந்தாவது உதையில் அது இருமிற்று,
நீலமாய்ப் புகை விட்டது, நின்று பிடித்தது.
மேலே போய்ச் சொன்னேன்.
"சத்தம் எப்படி இருந்துச்சு?"
"மோட்டார் சத்தம் மாதிரி இருந்துச்சு."
கண்ணை மூடிக்கொண்டார்.
"மறுபடி போய்க் கேட்டுட்டு வாங்க பாஸ்டர்."

போனேன். கேட்டேன்.
அடுத்த வாரமும் கேட்டேன்.
மெல்ல மெல்ல
செயின் தட்டுவது வேறு, வால்வு தட்டுவது வேறு என்று
காது பிரித்துக்கொண்டது.
கேட்ட சத்தத்தை வாயில் வைத்துக்கொண்டு
மாடி ஏறி அப்படியே செய்து காட்டுவேன்.
வார்டு முழுக்கச் சிரிக்கும்.
அவர் மட்டும் சிரிக்காமல்
"காபரேட்டர்" என்பார்.

அந்த வாரம்தான்
ஒன்பதாம் கட்டில் வங்காளதேசத்துப் பையன் இறந்தான்.
அவன் போனில் கடைசியாய்ப் பேசிய எண்ணை அழைத்தேன்.
டாப்-அப் விற்கும் கடை.
எத்தனை வெள்ளிக்கு வேண்டும் என்றார்கள்.
அன்று நான் எந்த மோட்டாரையும் உதைக்கவில்லை.

புதன்கிழமை முதல் உதையிலேயே பிடித்தது.
அந்தச் செய்தியோடு
படிகளை இரண்டிரண்டாய் ஏறினேன்.
ஏழாம் கட்டிலில்
ஒரு மிஸி புது விரிப்பின் மூலையை மடித்துக்கொண்டிருந்தாள்.
உதட்டில் டர்ர் என்று தொடங்கியதை
இருமலாக்கிக்கொண்டேன்.

மாலையில் மகன் வந்தான், ஜொகூரிலிருந்து,
தொழிற்சாலைச் சட்டையோடு.
கொட்டகையில் சாவியைக் கொடுத்தேன்.
"அப்பா கடைசியா எதும் சொன்னாரா?"

இதற்கென்றே துவைத்து மடித்து வைத்த
பதில்கள் என்னிடம் உண்டு.

"சோக்கைப் பாதிதான் இழுக்கணும்னாரு.
முழுசா இழுத்தா மூச்சு முட்டிடுமாம்."

குனிந்து பாதி இழுத்தான்.
உதைத்தான்.
தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான்,
அதே மாதிரி கண்ணை மூடி.
"செயின் தளர்ந்திருக்கு" என்றான்.
ஆமாம் என்றேன்,
இடப்பக்கம்.