ஏழாவது வண்டி

காலை நான்கு மணிக்குப் பனிவாரி லாரியில் ஏறினால்
முதலில் ஹீட்டர், பிறகு வைப்பர்,
பிறகு ஆண்டவர்.
இந்த வரிசைக்காக அவர் என்னைக் கோபித்ததில்லை.
கண்ணாடியில் உறைபனி உருகும் நான்கு நிமிடம்தான்
என் ஜெபவேளை.
கை குவிப்பதில்லை, கையுறை ஈரம்.
காப்பிக் குடுவையைப் பிடித்தபடியே பேசுவேன்.

சிறுமியாக இருந்தபோது எனக்குப் பெரிய ஜெபங்கள் தெரியும்.
ஜெபவீட்டின் மரப்பெஞ்சிலிருந்து எழுந்து
மூச்சுவிடாமல் சொல்வேன்,
"தூர்ஹில்லுக்கு வரம்" என்பார்கள்.
இப்போது மிச்சமிருப்பது
"இன்றைக்கும் கூட இரும்."
அவ்வளவுதான்.
அதையும் சில நாள் பாதியில் விட்டு
கியர் மாற்றியிருக்கிறேன்.

மூன்று வாரமாகத்தான் நான்கு நிமிடம் போதவில்லை.
டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு கடிதம்.
உறைமேல் என் பெயர்,
முதலெழுத்தில் அதே பழைய கொக்கி.
அப்பா.
பத்தொன்பது வருஷம் கழித்து.
என்ன செய்யட்டும், சொல்லும் என்று
தினமும் கேட்டேன்.
ஒரு குரல் போதும், ஒரு சொல் போதும்,
கனவில் வந்தாலும் சரி.
ஹீட்டர் மட்டும் இரைந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஹார்டாங்கர் மேட்டில் காற்று
சாலையைத் தின்றுகொண்டிருந்தது.
தடுப்புக்கதவின் முன் ஏழு வண்டிகள்.
இறங்கிப்போய் ஒவ்வொரு சன்னலாகத் தட்டிச் சொன்னேன்:
முன்வண்டியின் சிவப்பு விளக்கை விடாதீர்கள்.
விட்டுவிட்டால் நில்லுங்கள்.
இறங்காதீர்கள்.
நான் வருவேன்.

அவர்களுக்கு முன்னால் என் விளக்கு.
எனக்கு முன்னால் யாருமில்லை,
சாலையோரம் நட்ட கழிகளைத் தவிர.
ஒரு கழி தெரியும். அடுத்தது தெரியாது.
இதன் பக்கத்தில் போனால்தான்
அது வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக எழும்பும்.
இருபத்திரண்டு குளிர்காலம்
இப்படித்தான் மலை கடக்கிறேன்.
முழுச் சாலையையும் காட்டு என்று
ஒரு நாளும் கழியிடம் கேட்டதில்லை.

அந்தப் பக்கத் தடுப்பில் எண்ணினேன்.
ஆறு.
திரும்ப எண்ணினேன், ஆறுதான்.
"விடியட்டும் தூர்ஹில்," என்றான் ரேடியோவில் ஹால்வர்,
"பெரிய இயந்திரம் வரட்டும்."
நியாயமான பேச்சு.
பதில் யோசிப்பதற்குள்
கை ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டது.
ஜெபித்தேனா என்றால், இல்லை.
நேரமில்லை.

ரொட்டி வேன். சக்கரம் முழுக்கப் பனிக்குள்.
உள்ளே செல்மர்,
தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி.
"சிவப்பு மறைந்தது, நின்றுவிட்டேன்."
பயமாக இல்லையா என்றேன்.
"இருந்தது.
ஆனால் நீ எண்ணுவாயே."
பின்னாலிருந்து ஒரு பன் எடுத்து நீட்டினார்.
கருங்கல்.
அதைக் கடித்துக்கொண்டே
அவரைக் கயிறு கட்டி இழுத்தேன்.

டிப்போவில் இஞ்சினை அணைக்கவில்லை.
மூன்று வாரமாக நான்
பிரிக்காத கடிதத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.
கையுறையைக் கழற்றி
ஸ்க்ரூடிரைவரால் உறையைக் கிழித்தேன்.

நான்கு வரி.
என்ன வரி என்று சொல்லமாட்டேன்.
மன்னித்தாயா என்றும் கேட்காதீர்கள்,
அது எங்கோ தள்ளி நிற்கும் கழி,
எனக்கு இன்னும் தெரியவில்லை.
கடைசியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

மணி ஆறேகால்.
கிழவர் தூங்கிக்கொண்டிருப்பார்.
"இன்றைக்கும் கூட இரும்" என்றேன்,
முழுதாக,
ஏழாகட்டும் என்று காத்திருந்தேன்.